அழைப்பை எதிர்நோக்கி நின்றோர்: போர்க்கால ஒதுக்குப் படைத் தாதியரும் கொழும்பு நகரும்

வரலாறு என்பது நெடுங்காலமாக மன்னர்களதும் படைத்தலைவர்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்களின் வரலாறும் இதற்கு விலக்கன்று. எத்தனை கப்பல்கள் மூழ்கின, எத்தனை விமானங்கள் வீழ்ந்தன, எக்கரையை எவர் கைப்பற்றினர் என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறும் நூல்கள் பல. ஆனால் காயப்பட்டோரை ஏற்றவர் யார், அவர்தம் மூச்சையும் நாடியையும் இரவு முழுவதும் காத்திருந்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பிய நூல்கள் மிகச் சில. இரண்டாம் உலகப் போர்க்காலக் கொழும்பைப் பற்றிய எழுத்துக்களிலும் இக்குறையைக் காணலாம்.

இக்குறையின் ஒரு சிறு பகுதியையேனும் நிரப்பும் நோக்குடன் எழுந்ததே இக்கட்டுரை. இராணுவ ஒதுக்குப் படையிற் சேவையாற்றிய தாதியர் என்போர் யாவர், அத்தகைய அமைப்பு ஏன் தோன்றிற்று, அதற்கும் கொழும்பு நகருக்கும் உள்ள தொடர்பு யாது, இன்று அதிதீவிர சிகிச்சை எனப்படும் கலைக்கு அவர்கள் விட்டுச்சென்ற பங்கு யாது, சட்டம் அவர்களை எவ்வாறு நோக்குகின்றது என்பவற்றை இங்கு முறையே நோக்குவோம்.

முதலில் ஒரு விளக்கம் அவசியமாகின்றது. ஒரு நாட்டின் இராணுவத்தில் எக்காலமும் சம்பளம் பெற்றுப் பணிபுரிவோர் முறைப்படையினர் எனப்படுவர். சமாதான காலத்தில் தத்தம் தொழிலைச் செய்துகொண்டு, போர் மூண்டதும் அழைப்புக் கிடைத்தவுடன் சீருடை அணிபவர் ஒதுக்குப் படையினர் ஆவர். தாதியைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு விசித்திரமான ஒன்றாகும். எழுதுவினைஞர் ஒருவர் ஒதுக்குப் படையாற் போர்வீரர் ஆகும்போது அவருடைய தொழிலே மாறுகின்றது. தாதி ஒருவர் அழைக்கப்படும்போது மாறுவது சீருடையும் கட்டிலின் அருகே தொங்கும் பெயரட்டையுமே. கை செய்யும் பணி மாறுவதில்லை. இவ்வுண்மையிலேயே அவரது பெருமையும் அவரது இக்கட்டும் ஒருங்கே அடங்கியுள்ளன.

ஒதுக்குப் படையின் தோற்றம்

1854ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் புளோரன்ஸ் நைற்றிங்கேல் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூற்றாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்த செய்தி பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. ஆயினும் அப்பெண்களுள் எவரும் இராணுவத்தின் நிரந்தர அங்கத்தவரல்லர் என்பதையும், போர் முடிந்ததும் அவர்கள் கலைந்து சென்றனர் என்பதையும் நாம் போதியளவு கவனிப்பதில்லை. அடுத்த போர் மூளும்போது பயிற்சி பெற்ற தாதியரை எங்கே தேடுவது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

அவ்வினா எளிதானதன்று. சமாதான காலத்தில் இராணுவ வைத்தியசாலைகளில் நோயாளர் தொகை குறைவு. அங்கு பெருந்தொகையான தாதியரை வைத்திருப்பது வீண் செலவென அரசுகள் கருதின. போர் மூண்டாலோ சில வாரங்களுக்குள் தேவை பன்மடங்காகிவிடுகின்றது. தாதி ஒருவரைச் சில வாரங்களில் உருவாக்க இயலாது. அதற்கு மூன்று ஆண்டுகள் தேவை. ஆகவே ஏற்கெனவே உருவாகிய தாதியரை நகர வைத்தியசாலைகளிற் பணிபுரிய விட்டு, அவர்தம் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்திருப்பதே வழியெனக் காணப்பட்டது. ஒதுக்குப் படையின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

இந்தியாவில் 1888ஆம் ஆண்டு கதரின் லொக் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் பம்பாயில் வந்திறங்கியதுடன் இராணுவத் தாதியச் சேவை தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1890களிலே இளவரசி கிறிஸ்ரியனின் பெயரால் இராணுவத் தாதிய ஒதுக்குச் சேவை ஒன்று நிறுவப்பட்டது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நிகழ்ந்த போயர் போரில் குண்டுபட்டு இறந்த பிரித்தானியப் படையினரிலும் நோயுற்று இறந்தோரே அதிகமாயினர். நெருப்புக்காய்ச்சல் அப்படையை வாட்டியது. நோயாளரைப் பராமரிக்க முறைப்படைத் தாதியர் போதாமையால் ஒதுக்குச் சேவையினர் பெருந்தொகையாக அழைக்கப்பட்டனர். அப்போர் கற்பித்த பாடத்தின் பேறாகவே 1902ஆம் ஆண்டில் அரசி அலெக்சாந்திராவின் பெயரிலான பேரரசு இராணுவத் தாதியச் சேவை அமைக்கப்பட்டது. 1908இல் ஊர்ப்படைத் தாதியச் சேவையும் தோன்றிற்று. போர் வந்தாற் பாடசாலைகளையும் கல்லூரிகளையும் வைத்தியசாலைகளாக மாற்றுவதற்குச் சமாதான காலத்திலேயே திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. இத்தகைய 23 வைத்தியசாலைகளுக்கு வேண்டிய தாதியரின் பெயர்கள் முன்கூட்டியே பதியப்பட்டிருந்தன.

இத்திட்டத்தின் பயன் 1914இல் வெளிப்பட்டது. முதலாம் உலகப் போர் மூண்டபோது மேற்கூறிய முறைப்படைச் சேவையில் இருந்தோர் 300 பேருக்கும் குறைவானவர்களே. போர் முடிவுறும் வேளையில் அத்தொகை 10,000ஐத் தாண்டியிருந்தது. இப்பெருக்கத்திற்குக் காரணமானோர் ஒதுக்குப் பிரிவினரே ஆவர். எனவே அப்போரில் இராணுவத் தாதியச் சேவை எனப்பட்டது பெரும்பாலும் ஒதுக்குப் படைத் தாதியச் சேவையே எனக் கூறுதல் மிகையாகாது.

இங்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அழைப்புப் பெற்றுச் சென்ற ஒவ்வொரு தாதியும் ஏதோ ஒரு நகரத்தின் ஏதோ ஒரு வாட்டிலிருந்தே சென்றார். அவர் சென்ற பின் அங்குக் கிடந்த நோயாளரைக் கவனித்தவர் யார்? குறுகிய காலப் பயிற்சி பெற்ற துணைத் தாதியரும், திருமணத்தின் பின் தொழிலைக் கைவிட்டு மீண்டும் அழைக்கப்பட்டோரும், இன்னும் பயிற்சியை முடிக்காத மாணவியருமே அவ்விடத்தை நிரப்பினர். ஒதுக்குப் படை என்பது இல்லாத ஒன்றைப் படைப்பதன்று; இருப்பதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதே. இவ்வுண்மையை மறந்து திட்டமிட்ட எந்த அரசும் பின்னர் வருந்தியே தீரவேண்டியிருந்தது.

உயிர் மீட்கும் கலை

அதிதீவிர சிகிச்சை என்னும் தொடர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. ஆயினும் அத்தொடர் குறிக்கும் பணி அதற்கு முற்பட்டது. அதன் வேர்களுட் சில போர்க்களத்தின் அருகேயிருந்த கூடாரங்களிலே காணப்படுகின்றன.

முதலாம் உலகப் போரின் தொடக்க காலத்திலே, பிழைக்கமாட்டார் எனக் கருதப்பட்ட காயக்காரர் தனிக் கூடாரம் ஒன்றில் வைக்கப்பட்டனர். அங்குச் செய்யப்பட்டவை வலியைக் குறைத்தலும் வாய்க்கு நீர் கொடுத்தலும் அருகிருத்தலுமே. காலப்போக்கில், அவர்களுட் பலர் காயத்தினால் மட்டுமன்றிக் குருதி இழப்பினால் உண்டாகும் அதிர்ச்சி நிலையினாலேயே இறக்கின்றனர் என்பது உணரப்பட்டது. உடலிற் குருதி குறைந்ததும் நாடி விரைந்து மெலிகின்றது. தோல் குளிர்ந்து வியர்க்கின்றது. குருதி அமுக்கம் வீழ்கின்றது. ஒரு கட்டத்தின் பின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கின்றன. அக்கட்டத்தை அடையுமுன் உடலைச் சூடாக்கி, இழந்த திரவத்தை ஈடு செய்தால் சத்திரசிகிச்சையைத் தாங்கும் வலிமை மீளும். 1917ஆம் ஆண்டில், உறையாதிருக்கச் சித்திரேற்று சேர்த்துப் போத்தல்களிற் சேமித்த குருதியை ஏற்றும் முறை மேற்கு முனையில் கையாளப்பட்டது. இவ்வாறு, இறப்பைக் காத்திருந்த கூடாரம் உயிர் மீட்கும் கூடாரமாக மாறியது.

இம்மாற்றத்தில் தாதியின் இடம் யாது? சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குச் சென்றுவிடுவார். அதிர்ச்சி நிலையிற் கிடப்பவரோ கால்மணிக்கொரு முறை மாறுகின்றார். அந்த மாற்றத்தைக் கண்டு கூறுவதற்கு ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும். நாடியை எண்ணுதல், தோலின் நிறத்தை நோக்குதல், சிறுநீரின் அளவைக் குறித்தல், கட்டின்மேற் குருதி பரவுகின்றதா எனப் பார்த்தல், இவற்றுள் எது அபாய அறிகுறி என உய்த்துணர்ந்து வைத்தியரை அழைத்தல் ஆகிய அனைத்தும் தாதியின் பொறுப்பாயின. கருவிகள் பெருகிய இக்காலத்திலும் அதிதீவிர சிகிச்சையின் சாரம் இதுவே: இடையறாத நோக்கும், நோக்கியதன் பொருளை அறிதலும்.

இரண்டாம் உலகப் போரில் குருதித் திரவவிழையமும் பெனிசிலினும் வந்து சேர்ந்தன. 1952இல் டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியோன் இப்சன் என்னும் மயக்கமருந்து நிபுணர், சுவாசிக்க இயலாத நோயாளரின் தொண்டையிற் குழாய் பொருத்திக் கைப்பையினால் காற்றூட்டும் முறையைப் புகுத்தினார். மருத்துவ மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து இரவு பகலாக அப்பையை அழுத்தினர். அடுத்த ஆண்டு அந்நகரில் நிரந்தரமான தீவிர சிகிச்சைப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. கொழும்புப் பொது வைத்தியசாலையில் இத்தகைய பிரிவு 1968ஆம் ஆண்டளவில் அமைந்தது. போர் முனையின் கூடாரத்திற்கும் கொழும்பின் இப்பிரிவுக்கும் இடையே அரை நூற்றாண்டு கால இடைவெளி உண்டு. எனினும் கட்டிலருகே விழித்திருக்கும் தாதி இரண்டிற்கும் பொதுவானவர்.

கொழும்பு, 1942

இனிக் கொழும்பை நோக்குவோம். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்ததும் இந்து சமுத்திரத்திற் பிரித்தானியருக்கு எஞ்சிய முக்கிய தளங்களுள் ஒன்றாக இலங்கை விளங்கிற்று. அவ்வாண்டு ஏப்பிரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, அட்மிரல் நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஏறத்தாழ 125 யப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. முதல் நாள் கனடிய விமானி லெனாட் பேர்ச்சல் அக்கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தமையாற் பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்தன. எனினும் ரெனடோஸ் என்னும் நாசகாரிக் கப்பலும் ஹெக்ரர் என்னும் ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பலும் துறைமுகத்திலேயே அழிந்தன. பொதுமக்கள் 85 பேர் உயிரிழந்தனர் என்பர். துறைமுகத்திலிருந்து தொலைவிலுள்ள அங்கொடை மனநோய் வைத்தியசாலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அதே நாளில் இலங்கைக்குத் தென்மேற்கே கடலில் டோசெற்சயர், கோண்வோல் என்னும் இரு குரூசர் கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். நீரில் ஒரு நாளுக்கு மேல் தத்தளித்தபின் 1,122 பேர் மீட்கப்பட்டனர்.

துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலிருந்தும் நகரின் ஏனைய பகுதிகளிலிருந்தும் மக்கள் கூட்டங் கூட்டமாக ஊர்ப்புறங்களுக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்திற்கும் இந்தியாவிற்கும் சென்றோரும் பலர். நகரம் வெறிச்சோடிய அந்நாட்களிலும் வைத்தியசாலையின் வாட்டுகள் வெறுமையாக இருத்தல் இயலாது. நகரை விட்டு நீங்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தது. தாதிக்கு அது இருக்கவில்லை.

ஏப்பிரில் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தனர். அவ்வேளை அண்மையிற் சென்றுகொண்டிருந்த விற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டுக் கொழும்புக்குக் கொணர்ந்தது. வெண்ணிறம் பூசிச் செஞ்சிலுவை தீட்டிய அக்கப்பலை யப்பானிய விமானங்கள் தாக்காது விட்டன. இதே கப்பல் ஓராண்டின் முன், 1941 ஏப்பிரிலில், வட ஆபிரிக்கக் கரையிலுள்ள தோப்ருக்கிற்கு அண்மையிற் குண்டுவீச்சுக்கு இலக்காகியிருந்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரே சின்னம் ஓரிடத்தில் மதிக்கப்பட்டது, பிறிதோரிடத்தில் மதிக்கப்படவில்லை. சின்னத்தின் வலிமை அதனைக் காண்பவரின் மனச்சாட்சியிலேயே தங்கியுள்ளது போலும்.

இப்போர்க்காலத்திற் கொழும்பின் பாடசாலைக் கட்டடங்கள் பல இராணுவத்தின் கைக்கு மாறின. ரோயல் கல்லூரிக் கட்டடம் இராணுவ வைத்தியசாலையாயிற்று. மாணவர் தனியார் இல்லங்களிலும் பண்டாரவளையிலும் கல்வி பயின்றனர். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு வடக்கே, காலி வீதியில் அமைந்துள்ள புனித பேதுரு கல்லூரியும் இவ்வாறே இராணுவ வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. இன்று வெள்ளவத்தையிலிருந்து பேருந்தேறிப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவருட் பலர் அதன் மதிலைத் தினமும் கடந்து செல்கின்றனர். வகுப்பறையிற் கரும்பலகையின் கீழே கட்டில்கள் வரிசையாக இடப்பட்டிருந்த ஒரு காலம் இருந்தது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? 1908இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட திட்டத்தின் சாயலை இங்கு நாம் காண்கின்றோம். வகுப்பறை வாட்டாக மாறுவதற்கு ஓர் ஆணை போதும். அவ்வாட்டில் நிற்பதற்குத் தாதி எங்கிருந்து வருவார் என்பதே வினா. அவ்வினாவுக்குரிய விடை, பெரும்பாலும், கடல் வழியே வந்தது.

கொழும்பை அடையாத கப்பல்

1943ஆம் ஆண்டு மெளன்ற்பேற்றன் பிரபுவின் தலைமையில் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் அமைந்தது. அடுத்த ஆண்டு அதன் தலைமையகம் கண்டிக்கு மாற்றப்பட்டது. பர்மாப் போரின் பின்புலமாக இலங்கை மாறியதும் கிழக்காபிரிக்கப் படையினரும் இங்கு வந்து பயிற்சி பெற்றனர். படை பெருகப் பெருகத் தாதியரின் தேவையும் பெருகிற்று.

1944 பெப்ரவரி 6ஆம் திகதி கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து ஐந்து துருப்புக் கப்பல்கள் கொழும்பு நோக்கிப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று கெடிவ் இஸ்மாயில். எகிப்திய பயணிகள் கப்பலாக இருந்து போர்ப் பணிக்கு எடுக்கப்பட்ட அதில் ஏறத்தாழ 1,500 பேர் இருந்தனர். பெரும்பாலோர் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். அவர்களோடு 50க்கும் மேற்பட்ட தாதியரும் கடற்படை மகளிர் சேவையினரும் பயணஞ் செய்தனர். தாதியருள் ஒதுக்குப் பிரிவைச் சேர்ந்தோரும் ஊர்ப்படைச் சேவையைச் சேர்ந்தோரும் இருந்தனர். இங்கிலாந்தின் நகர வைத்தியசாலைகளிற் பயின்று, அழைப்பை ஏற்றுச் சீருடை அணிந்து, கொழும்பில் இறங்கவேண்டியவர்கள் இவர்கள்.

பெப்ரவரி 12ஆம் திகதி, பிற்பகல். மாலைதீவின் தென்பகுதியிலுள்ள ஒன்றரைப் பாகைக் கால்வாயைக் கப்பல்கள் அண்மித்த வேளை, யப்பானிய நீர்மூழ்கி ஒன்று எய்த இரு நீர்க்குண்டுகள் கெடிவ் இஸ்மாயிலைத் தாக்கின. பயணிகள் பலர் கப்பலின் உள்ளே இசை நிகழ்ச்சி ஒன்றிற் கூடியிருந்தனர் என்பர். மூன்று நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. உயிர் தப்பியோர் நீரில் மிதந்துகொண்டிருக்க, அவர்களுக்குக் கீழே நீர்மூழ்கி பதுங்கியிருந்தது. ஏனைய நான்கு கப்பல்களையும் அது தாக்கக்கூடும் என அஞ்சிய காவற்கப்பல் பெற்றாட், மிதப்போரின் நடுவே ஆழ்வெடிகளை வீசவேண்டிய கொடிய நிலைக்குத் தள்ளப்பட்டது. ஈற்றில் பெற்றாட், பலாடின் என்னும் இரு நாசகாரிகளும் அந்நீர்மூழ்கியை அழித்தன. இறந்தோர் 1,297 பேர். அவர்களுட் பெண்கள் 77 பேர். தப்பிய பெண்கள் அறுவரே. பிரித்தானியப் பொதுநலவாயத்தின் வரலாற்றிற் படைச்சேவைப் பெண்கள் இத்துணைத் தொகையினராய் ஒரே நிகழ்வில் மாண்டது வேறெப்போதுமில்லை எனக் கூறப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியை வெறும் கடற்போர்ச் சம்பவமாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. ஒரு பெரிய வைத்தியசாலையின் தாதிய அணிக்கு நிகரான ஒரு கூட்டம் சில கணங்களில் இல்லாதொழிந்தது. மூன்றாண்டுப் பயிற்சியும் அதன்மேற் பல்லாண்டு அனுபவமும் பெற்றோரை அடுத்த மாதமே ஈடு செய்ய எவராலும் இயலாது. அவர்களை எதிர்நோக்கிய கட்டில்கள் இலங்கையில் இருந்தன.

இன்னும் ஒன்று. வைத்தியசாலைக் கப்பல் சென்றிருப்பின் விற்றாவைப் போல் இவர்களும் சின்னத்தின் காப்பைக் கோரியிருக்கலாம். துருப்புக் கப்பலிற் சென்றமையால் அவ்வுரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. போர்ச் சட்டப்படி துருப்புக் கப்பல் தாக்கத்தக்க இலக்கே. இப்பாடம் புதியதுமன்று. 1915 ஒக்ரோபரில் ஈஜியன் கடலில் மாக்கெற் என்னும் துருப்புக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது நியூசிலாந்துத் தாதியர் பதின்மர் மாண்டனர். குறியிடப்படாத கப்பலிற் போர்வீரருடனும் போர்த்தளபாடங்களுடனும் தாதியரை ஏற்றியமை அன்றே கண்டனத்துக்குள்ளாகியது. இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் அதே தவறு மீண்டும் நிகழ்ந்தது. மறுபுறம், சின்னம் தாங்கிய சென்ரோர் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியசாலைக் கப்பலே 1943 மே 14இல் யப்பானிய நீர்மூழ்கியினால் மூழ்கடிக்கப்பட்டு, அதிலிருந்த தாதியர் பன்னிருவருட் பதினொருவர் இறந்தனர். ஆகவே சின்னமிருந்தும் இறந்தோர் உளர். சின்னமின்றி அனுப்பப்பட்டு இறந்தோரும் உளர். முன்னையது பகைவரின் குற்றம். பின்னையதில் அனுப்பியவரின் பொறுப்பும் உண்டு.

மறுகரையில் நின்ற தமிழ்ப் பெண்கள்

இக்காலப் பகுதியில் தமிழ்ப் பெண்கள் சிலர் இதே போரின் மறுகரையில் நின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1943இற் சிங்கப்பூரிற் சுபாஸ் சந்திரபோசின் இந்தியத் தேசிய இராணுவத்தின் ஓர் அங்கமாக ஜான்சிராணிப் படை நிறுவப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற இலட்சுமி சுவாமிநாதன். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ் இளம்பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். போர்ப்பயிற்சியுடன் தாதியப் பயிற்சியும் அப்படையில் இடம்பெற்றது. 1944இற் பர்மாவின் மேமியோ நகரில், இம்பால் முனையிலிருந்து மலேரியாவினாலும் வயிற்றோட்டத்தினாலும் காயங்களினாலும் நலிந்து திரும்பிய வீரரை இப்பெண்கள் பராமரித்தனர்.

கெடிவ் இஸ்மாயிலிற் சென்ற ஆங்கிலத் தாதியும் மேமியோவில் நின்ற தோட்டத் தமிழ்ப் பெண்ணும் ஒருவரையொருவர் பகைவராகக் கருதவேண்டிய நிலையில் இருந்தனர். ஆனால் நாடியை எண்ணும் விரல் இருவருக்கும் ஒன்றே. எழுத்தறிவும் மறுக்கப்பட்டிருந்த தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு பெண், சில மாதப் பயிற்சியுடன் உயிர்காக்கும் பொறுப்பை ஏற்றமை நமது சமூக வரலாற்றிலும் இடம்பெறவேண்டிய செய்தியாகும். இவர்களைப் பற்றிய நினைவுகள் அரசியல் வரலாற்றின் அடிக்குறிப்புக்களாகவே எஞ்சியுள்ளன.

சட்டம் காட்டும் எல்லைக்கோடு

1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கை தொட்டுக் காயப்பட்டோரைப் பராமரிப்போர்க்குப் பாதுகாப்பளிக்கும் முயற்சி தொடர்ந்து வந்துள்ளது. 1949ஆம் ஆண்டின் முதலாம் உடன்படிக்கை இவ்விடயத்தில் நுணுக்கமான ஒரு வேறுபாட்டைச் செய்கின்றது. மருத்துவப் பணிக்கெனவே முழுமையாக ஒதுக்கப்பட்டோர் எல்லாச் சந்தர்ப்பங்களிலும் பாதுகாக்கப்படல் வேண்டும் என 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஏனைய படைக் கடமைகளுக்கிடையே, தேவையேற்படின் தாதியராகவோ காயக்காரரைச் சுமப்போராகவோ பணிபுரியப் பயிற்சி பெற்றோர், அப்பணியில் ஈடுபட்டிருக்கும் வேளையில் மட்டும் பாதுகாப்புக்கு உரியர் என்பது 25ஆம் உறுப்புரை. முன்னையோர் அணியும் கைப்பட்டியிற் சின்னம் முழு அளவினது; பின்னையோரின் கைப்பட்டியில் அது சிறிய அளவினது. முன்னையோர் பகைவரிடம் அகப்படின் போர்க்கைதிகளாகக் கருதப்படார். நோயாளரின் தேவைக்கேற்பத் தம் பணியைத் தொடர்வர். பின்னையோர் போர்க்கைதிகளே, தேவையேற்படும்போது மருத்துவப் பணியில் ஈடுபடுத்தப்படுவர்.

ஒதுக்குப் படைத் தாதி இவ்விரண்டில் எதனைச் சார்வார்? அழைப்பின் பின் தாதியப் பணியொன்றையே அவர் செய்வாராயின் முன்னைய பாதுகாப்பு முழுமையாக அவருக்குரியது. அவரிடம் வேறு படைக் கடமைகளும் ஒப்படைக்கப்படின் அப்பாதுகாப்புச் சுருங்கிவிடுகின்றது. ஆகவே அவரை எப்பணியில் அமர்த்துவது என்பது நிருவாகப் பிரச்சினை மட்டுமன்று. அவரது உயிரைப் பற்றிய பிரச்சினையுமாகும். இலங்கை இவ்வுடன்படிக்கைகளை 1959இல் ஏற்றுக்கொண்டது. அவற்றுக்கு உள்நாட்டுச் சட்ட வடிவம் கொடுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் 2006இலேயே நிறைவேறிற்று.

சுதந்திர இலங்கையின் அனுபவம்

1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் முறைப்படை, தொண்டர் படை, இவற்றிற்கான ஒதுக்குப் பிரிவுகள் என்னும் அமைப்பை இந்நாட்டிற்கு வழங்கிற்று. 1979இல் இராணுவ மகளிர் படை அமைக்கப்பட்டது. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரிலோ, பதிவேட்டிற் பெயரிட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் ஒதுக்குப் படை என்னும் கருத்தே அர்த்தமிழந்தது எனலாம். போர் எந்த நகரின் வாயிலுக்கு வந்ததோ, அந்நகரின் தாதியர் அனைவரும் அழைப்பின்றியே போர்க்காலத் தாதியராயினர்.

1987 ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய அமைதி காக்கும் படையினர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையினுட் புகுந்தபோது நோயாளர், வைத்தியர், தாதியர், ஊழியர் உட்பட ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியின்மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதலில் 90 பேரளவில் இறந்தனர். காயமுற்றோர் 1,400 பேர்வரை. அன்று கொழும்பின் வாட்டுகளில் நின்ற தாதியர் எவரும் சீருடைப் படையினரல்லர். ஆயினும் அவர்கள் எதிர்கொண்டவை போர்க்களக் காயங்களே. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குள்ளானதைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உலகறியச் செய்தது. இவற்றின் பின்னணிகள் வேறு, காரணகர்த்தாக்கள் வேறு. எனினும் இவை யாவும் ஓர் உண்மையை நிறுவுகின்றன. வைத்தியசாலையின் வாயிலில் ஆயுதம் நின்றுவிடாதவிடத்து, தாதியின் கையிலுள்ள கலை எவ்வளவு உயர்ந்ததாயினும் அது பயனற்றுப் போகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை நாம் பெறலாம். இராணுவத் தாதியச் சேவை பெரும் போர்களிலெல்லாம் நகர வைத்தியசாலைகளிலிருந்தே ஆட்பலத்தைப் பெற்றது. அவ்வாறு சென்றோர் போர் முடிந்ததும் தம்முடன் கொணர்ந்த அறிவு, பின்னர் அதிதீவிர சிகிச்சையாக வளர்ந்த கலைக்கு ஊட்டமளித்தது. ஆகவே நகரம் போருக்குக் கடன் கொடுத்தது. போர் அக்கடனின் ஒரு பகுதியை அறிவாகத் திருப்பித் தந்தது. திரும்பி வராத உயிர்களோ தீர்க்கப்படாத கடனாகவே நிற்கின்றன.

கொழும்பின் வரலாற்றை எழுத முற்படும் மாணவருக்கு இங்கு ஒரு கடமையும் உண்டு. உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதலை எழுதும்போது விமானங்களின் தொகையுடன் அன்று திறந்திருந்த வாட்டுகளையும் எழுதவேண்டும். வைத்தியசாலைகளாக மாறிய கல்லூரிகளின் பழைய பதிவேடுகளும், ஓய்வுபெற்ற தாதியரின் நினைவுகளும், குடும்பங்களிற் பேணப்படும் கடிதங்களும் நிழற்படங்களும் இன்னும் தேடப்படாத சான்றுகளாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அண்மைக்காலப் போரின் காயக்காரரைப் பராமரித்த தாதியர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்குக் காலம் நமக்காகக் காத்திராது.

கெடிவ் இஸ்மாயிலிற் சென்ற தாதியர் கொழும்பைக் காணவில்லை. கொழும்பும் அவர்களைக் காணவில்லை. எனினும் அவர்கள் வந்தது இந்நகரை நோக்கியே. அவ்வளவினாலேனும் இந்நகரின் வரலாற்றில் அவர்களுக்கு ஓரிடம் அளித்தல் நமது கடனாகும்.